லோவினா ஏவெரிலின் வாக்கு

1934ஆம் ஆண்டு மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, வெர்மான்ட் மாநிலம் எல்ஸ்ஃபோர்ட் ஊர்க்கூட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கூட்டத் தலைவர் ஸீனஸ் விட்காம், ஊர் எழுத்தர் ஃபிலூரா டாட்ஜ், சாலை மேற்பார்வையாளர் ஹார்லன் டைஸ், மலைமேல் பால் பண்ணை வைத்திருந்த ஆரின் ஏவெரில், அவர் மனைவி தெர்ஸா, ஆரினின் தாயாரும் அதற்கு முந்தைய மாதம் இறந்துபோனவருமான லோவினா ஏவெரில். ஊரின் மற்ற வாக்காளர்களும் பெஞ்சுகளில் இருந்தார்கள். அவர்கள் பெயர்களை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் பார்த்தவர்கள் அவர்களும்தான், அவர்களில் எவரும் பின்னாளில் நடந்ததை மறுக்கவில்லை. லோவினா, தலைவர் மேசையைத் தட்டிய பிறகே உள்ளே வந்தார். உயிரோடிருந்த காலத்தில் அவர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததே கிடையாது. அதனால் எல்லோரும் முதலில் கவனித்தது அந்தத் தாமதத்தைத்தான். அவரைக் கிடத்தியபோது உடுத்தியிருந்த கறுப்புக் கம்பளி உடையில் இருந்தார். புருவங்களில் உறைபனி படிந்திருந்தது. தனக்கு வழக்கமான மூன்றாவது பெஞ்சுக்குப் போனார், அங்கிருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், உட்கார்ந்தார்.

எல்ஸ்ஃபோர்ட்டில் நவம்பர் கடைசியில் நிலம் கல்லாக இறுகிவிடும், ஏப்ரல் முடியும்வரை கடப்பாரை இறங்காது. ஆகவே குளிர்காலத்தில் இறப்பவர்களை இடுகாட்டின் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மண் இளகிய பிறகுதான் புதைப்பார்கள். அந்த ஊரின் வழக்கப்படி ஒருவர் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது அவர் இறந்த நாளில் அல்ல, புதைக்கப்பட்ட நாளில். தேவாலயத்தில் அவர் உட்காரும் இடமும் அதுவரை அவருக்கே. இது எப்போது யார் ஏற்படுத்திய வழக்கம் என்று தெரியவில்லை. குளிர்காலத்தில் இறந்து மார்ச் கூட்டத்துக்கு வந்தவர் அதற்கு முன் எவரும் இல்லை. வரக்கூடாது என்று யாரும் தீர்மானம் போட்டதும் இல்லை.

ஹார்லன் டைஸ் எழுந்தார். அவர் முறை தவறாத மனிதர்.

"தலைவரே, மரியாதைக் குறைவா நினைக்கக் கூடாது. லோவினா அக்காவுக்கு இன்னைக்கு வாக்கு உண்டா?"

"பேரு பட்டியல்ல இருக்கு," என்றார் ஃபிலூரா டாட்ஜ், தலையைத் தூக்காமல். "மண்ணு இன்னும் தோண்டல."

"அதுக்கில்லம்மா. செத்துப் போனவங்க..."

"போன வருஷம் கூட்டம் முழுக்க நீங்க குறட்டை விட்டுத் தூங்கினீங்க ஹார்லன். உங்க வாக்கு செல்லாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

கூடம் சிரித்தது. ஸீனஸ் விட்காம் மேசையைத் தட்டி, லோவினா ஏவெரில் வாக்காளர்தான் என்று அறிவித்தார். பிறகு முதல் பொருளை எடுத்துக்கொண்டார்கள். அது வேலி தாண்டி மேயும் மாடுகளைப் பற்றியது, நீண்ட நேரம் போயிற்று.

ஏவெரில்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் எல்ஸ்ஃபோர்ட் மலைக்கு வந்த முதல் தலைமுறையிலிருந்து ஒரு விதியைக் காப்பாற்றி வந்தது. தங்கள் வீட்டு வாசலைத் தொடும் எந்த விஷயத்துக்கும் ஏவெரில் ஒருவர் ஊர்க்கூட்டத்தில் கை தூக்குவதில்லை. பாலம் கட்டலாமா, சாலையை அகலப்படுத்தலாமா, மலைமேல் பள்ளி வைக்கலாமா என்று ஊர் பேசும்போதெல்லாம் அவர்கள் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஊர் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள், கொடுக்காததைத் தாங்களே செய்துகொண்டார்கள். லோவினாவின் கணவர் மரம் வெட்டும்போது இறந்த பிறகு, மலைச் சாலையில் பனி உருளை ஓட்டியவர் லோவினாதான். பனியை ஒதுக்கித் தள்ளும் லாரிகள் வராத காலம் அது. ஆள் உயரத்துக்கு மேலான மர உருளையைக் குதிரைகள் இழுக்க, விழுந்த பனியை அழுத்தி இறுக்கி, சறுக்கு வண்டி போகப் பாதை செய்வார்கள். அந்த உயரத்தில் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கடிவாளத்தைப் பிடித்து, அவர் வீட்டு வாசலிலிருந்து ஊர் முனைவரை இறங்கி வருவதை ஹார்லன் டைஸே சிறு வயதில் பார்த்திருக்கிறார். அதற்குக் கூலி தரலாமா என்று ஊர்க்கூட்டம் வாக்கெடுத்த வருடம் ஒன்று உண்டு. மகனை அருகில் உட்காரவைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "நம்ம வாசலுக்காக நாமளே தூக்குற கை, கை இல்லடா ஆரின். அது பிச்சைத் தட்டு." ஆரினுக்கு அப்போது பால் பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தன. அவர் அதை மறந்திருக்க நியாயமில்லை.

ஆனால் காலம் மாறியிருந்தது. ஊர் ஒரு லாரி வாங்கி அதன் முன்னால் இரும்புப் பலகை மாட்டி, சாலைகளில் பனி தள்ளத் தொடங்கியது. பனி உருளைகள் கொட்டகைகளுக்குப் போயின. பால் சேகரிக்கும் நிலையத்துக்காரர்கள் மோட்டார் வண்டி அனுப்பி வாசலிலேயே பால் எடுத்துக்கொண்டார்கள். இதற்கிடையில் மலையிலிருந்த மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆலை நகரங்களுக்கு இறங்கிப் போய்விட, அந்தச் சாலையில் புகைபோக்கி புகையும் வீடாக ஏவெரில் வீடு ஒன்றே மிஞ்சியது. ஒரு வீட்டுக்காக அத்தனை தூரம் லாரி ஏறி இறங்குவது ஊருக்குக் கட்டாது என்று ஹார்லன் டைஸ் சொன்னார். சொன்னதில் பொய்யில்லை. ஏவெரில் மலைச் சாலையைத் தொடர்ந்து ஊர் செலவில் வைத்திருக்கலாமா, கைவிடலாமா என்பது அந்த வருடத்துக் கூட்டத்தின் ஒன்பதாவது பொருளாக வந்தது. கைவிட்டால் குளிர்காலத்தில் பால் வண்டி ஏறாது. பால் இறங்காவிட்டால் ஒரே குளிர்காலத்தில் பண்ணை போய்விடும். ஆரினுக்கு வேறு தொழில் தெரியாது. ஏவெரில்களுக்கு வேறு மலையும் இல்லை.

மதியம் தேவாலயப் பெண்கள் சாப்பாடு போட்டார்கள். மண்பானையில் வெல்லப்பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸ், கறுப்பு ரொட்டி, ஆப்பிள் பை. லோவினாவுக்கும் ஒரு தட்டு வைக்கப்பட்டது. அவர் சாப்பிடவில்லை. ஆனால் கைகள் சும்மா இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. விரல்கள் மடியில் அசைந்துகொண்டே இருந்தன. தெர்ஸா தன் பையிலிருந்து பாதி பின்னிய கம்பளிக் கையுறையையும் ஊசிகளையும் எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க அத்தை. கட்டை விரல் எனக்குச் சரியா வரல. உங்க மகனுக்குத்தான்."

லோவினா வாங்கிக்கொண்டார். தெர்ஸா பின்னியிருந்ததில் நான்கைந்து வரிசைகளைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தொடங்கினார்.

"உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான்," என்றார் தெர்ஸா, பக்கத்திலிருந்த பெண்ணிடம். "நான் பின்னுனது எது அவங்களுக்குப் பிடிச்சிருக்கு?"

ஆரின் அவர்களோடு வந்து உட்காரவில்லை. கதவோரம் ஆண்களோடு நின்று, ஒவ்வொருவராகத் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்தார். ஏவெரில் ஒருவர் வாக்குக் கேட்டு அப்படி நின்றதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. தாயார் வந்திருப்பது அவருக்குத் தெரியும். காலையிலிருந்து ஒரு தடவைகூட அவர் மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்பதாவது பொருள் வந்ததும் ஆரின் எழுந்தார். தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். என்ன பேசுவது என்பதைப் பிப்ரவரியிலேயே, பால் கறக்கும்போது, மாடுகளிடம் சொல்லிச் சொல்லித் தயார் செய்திருந்தார். அதை மாற்றத் தெரியாமல் அப்படியே சொன்னார்.

"தலைவரே, எனக்கு நிறையப் பேச வராது. அன்னைக்கு லாரி மேல வரல, ரோடு மூடிக் கிடந்துச்சு. டாக்டர் நடந்து ஏறி வர்றதுக்குள்ள பொழுது போயிருச்சு. எங்கம்மா செத்தது அந்த ரோட்டாலதான். அன்னைக்கு ரோடு மட்டும் திறந்திருந்தா, இன்னைக்கு அவங்களும் இங்க உக்காந்திருப்பாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஊசிகளின் சத்தம் நின்றது.

அவர் சொன்னது உண்மையல்ல. மருத்துவர் பனிக்காலணி கட்டிக்கொண்டு மலையேறி வந்து, மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இரண்டு நுரையீரல்களும் முன்தினமே சளியால் நிறைந்துவிட்டன, சீக்கிரம் வந்திருந்தாலும் செய்ய ஒன்றுமில்லை என்று ஆரினிடமும் தெர்ஸாவிடமும் சொல்லியிருந்தார். லோவினாவும் அப்போது கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். ஏவெரில் ஒருவர் தன் வாசலுக்காக ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்ததும், உண்மையல்லாத ஒன்றை அங்கே சொன்னதும் அன்று ஒரே மூச்சில் நடந்தன. குடும்பத்தின் பெயருக்காக இதை விட்டுவிட்டு எழுதலாம். அப்படி எழுதினால் பின்னால் வருவது விளங்காது.

ஸீனஸ் விட்காம் வழக்கப்படி கூட்டத்தைப் பிரிந்து நிற்கச் சொன்னார். சாலை வேண்டும் என்பவர்கள் ஜன்னல் பக்கம், வேண்டாம் என்பவர்கள் அடுப்புப் பக்கம். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. முதலில் ஜன்னல் பக்கம் கூட்டம் குறைவாக இருந்தது. பிறகு, ஆரின் தாயைப் பற்றிச் சொன்னது மனதில் தைத்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். ஆரினும் போய் நின்றார். உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துக் கையசைத்தார்.

"எந்திரி தெர்ஸா."

"நம்ம வாசல்ங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

"நீ அந்த வீட்டுல பொறந்தவளா? உனக்கு என்ன?"

"கல்யாணத்தன்னிக்கே உங்கம்மா சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. எந்திரிக்க மாட்டேன்."

ஃபிலூரா டாட்ஜ் எண்ணினார். தலைவரும் எண்ணினார். ஜன்னல் பக்கம் ஒரு தலை கூடுதலாக இருந்தது. அது ஆரினின் தலை. அவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கமும் சமம் என்பது அந்தக் கூடத்தில் கணக்குத் தெரிந்த எல்லோருக்கும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

அப்போது லோவினா ஏவெரில் ஊசிகளை ஒன்றாகச் சேர்த்து நூலுருண்டையில் செருகி, கையுறையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். அவர் மகன் பக்கம் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆரினும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அன்று முதல் தடவையாகத் தாயைப் பார்த்தார். லோவினா பெஞ்சுகளுக்கு நடுவில் இருந்த வழியில் மெதுவாக நடந்து, அடுப்புப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஹார்லன் டைஸ் நகர்ந்து இடம் கொடுத்தார். லோவினா நின்ற இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் அடுப்பு செக்கச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. புருவத்துப் பனி உருகவில்லை. அவர் மகனை நேராகப் பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பனி உருளையின் உச்சியில் உட்கார்ந்து கடிவாளம் பிடித்தபோது இருந்த முகம்தான் அது.

"அம்மா," என்றார் ஆரின்.

மறுபடி எண்ணினார்கள். சமம். ஏவெரில் வீட்டிலிருந்து ஒருவருமே எழாமல் இருந்திருந்தால் என்ன கணக்கு வந்திருக்குமோ அதே கணக்கு. சமமானால் தீர்மானம் தோற்கும், தலைவர் தன் வாக்கைப் போட்டாலொழிய. ஸீனஸ் விட்காம் ஆரினோடு சேர்ந்து மான் வேட்டைக்குப் போகிறவர். அப்படி ஒரு நிலை வந்தால் என் வாக்கு உனக்குத்தான் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், அடுப்புப் பக்கம் பார்த்தார்.

"தலைவர் வாக்குப் போடல. தீர்மானம் தோத்துப் போச்சு."

பின்னாளில் ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "அந்தம்மா கல் அறையிலேர்ந்து நடந்து வந்து கணக்க நேர் பண்ணிட்டு நிக்கிறாங்க. நான் யாருப்பா அதக் கலைக்க?"

கூட்டம் கலைந்ததும் லோவினா இடுகாட்டுக்குத் திரும்பிப் போனார். கல் அறைச் சாவி ஹார்லன் டைஸிடம் இருந்ததால் அவர் கூடவே போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்தார். மே மாதம் மண் இளகியது. ஆரின் ஒருவர் கையையும் சேர்க்காமல் தானே குழி தோண்டினார். பெட்டியை இறக்கும்போது அவர் தொப்பியைக் கழற்றவில்லை. ஊர் அதைப் பார்த்தது. அன்று மாலையே ஃபிலூரா டாட்ஜ் லோவினாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார். அதன் பிறகு லோவினா எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை.

கோடைக்காலம் முழுவதும் ஆரின் தாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கையுறைகள் இரண்டையும் தெர்ஸா முடித்துக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தார், ஆரின் தொடவில்லை. இலையுதிர்காலத்தில் ஒரு மாட்டு வியாபாரியை வரவழைத்துப் பேசினார். பால் வண்டி ஏறும்வரை பால் ஊற்றிவிட்டு, முதல் பனி விழுந்த வாரக் கடைசியில் வியாபாரி ஆட்களோடு வந்து மாடுகளை நடத்திக் கொண்டுபோய்விடுவது என்று முடிவாயிற்று. மாடுகளுக்குப் பெயர் வைத்திருந்தவர் தெர்ஸா. அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்.

பனி நவம்பர் இறுதியில் விழுந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் பெய்து, வேலிக் கம்பங்களின் தலைகளை மட்டும் விட்டுவைத்தது. விடிந்ததும் ஆரின் மண்வாரியோடு வாசலுக்குப் போனார். சாலையில் பனி தள்ளப்பட்டிருக்கவில்லை. அழுத்தப்பட்டிருந்தது. அவர் வாசலிலிருந்து, இரு பக்கமும் உருளையின் விளிம்பு விடுகிற மெல்லிய வரப்போடு, சலவைக்கல் போல வழவழப்பாக, வளைவுகளில் சற்றே அகலமாக, ஊர் முனைவரை இறங்கிப் போயிருந்தது பாதை. குளம்படி ஒன்றுகூட இல்லை. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். பழைய பனி உருளை அதே மூலையில் இருந்தது. மரச் சட்டங்கள் உளுத்திருந்தன. அதன் மேல் கோழிகள் தூங்கிக்கொண்டிருந்தன, அவற்றைக் கலைத்த அடையாளமும் இல்லை. பிறகு வீட்டுக்குள் வந்தார்.

"அவங்க அழுத்தித்தான் குடுத்திருக்காங்க. பால் வண்டி இதுல ஏறாது, சறுக்கும்."

"அத்தைக்கு மோட்டார் வண்டி எப்பவும் பிடிக்காதே," என்றார் தெர்ஸா. "குதிரை இருக்குல்ல."

ஆரின் ஆணியில் கிடந்த கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். வலது கையுறையின் கட்டை விரல், தாயார் பின்னியது, சரியாக இருந்தது. குதிரைகளைச் சறுக்கு வண்டியில் பூட்டி, பால் கலங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு இறங்கினார். இடுகாட்டு வாசலைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். திரும்பும் வழியில் வியாபாரிக்கு, வர வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்.

ஹார்லன் டைஸ் மறுநாளே மேலே ஏறி வந்தார். ஊர் லாரியை யாரோ எடுத்து ஓட்டிவிட்டார்கள் என்ற சந்தேகம் அவருக்கு. பாதையைக் காலால் தட்டிப் பார்த்தார், குனிந்து வரப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது லாரி வேல இல்ல."

"இல்ல."

"நீ ஓட்டுனியா?"

"உருள உளுத்துக் கெடக்கு. வந்து பாரு."

"பின்ன யாருப்பா?"

"எங்க வீட்டு ஆளு."

ஹார்லன் கொட்டகை வரை நடந்து போய்க் கோழிகளைப் பார்த்துவிட்டு வந்தார். "வளைவுல அகலமா விடுறது அவங்க வழக்கம்தான்," என்று சொல்லி, தெர்ஸா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த மார்ச் கூட்டத்தில் யாரோ ஒருவர் எழுந்து, மலைச் சாலைப் பனி வேலைக்காக ஏவெரில் குடும்பத்துக்கு ஊர் ஏதாவது கூலி தர வேண்டும் என்றார். ஆரின் எழுந்து, தலைவரிடம் அனுமதி கேட்டு, சென்ற வருடம் அந்த இடத்தில் நின்று தான் சொன்னது உண்மையல்ல என்றும், மருத்துவர் தாமதமாக வந்ததால் தாயார் இறக்கவில்லை என்றும், அதைத் திருத்திக்கொள்வதற்காக மட்டுமே எழுந்ததாகவும் சொன்னார். பிறகு உட்கார்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். கூலித் தீர்மானத்துக்குப் பிரிந்து நின்றபோது ஏவெரில் வீட்டிலிருந்து ஒருவரும் எழவில்லை. தீர்மானம் தோற்றது.

அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலங்கள் போய்விட்டன. ஆரினும் தெர்ஸாவும் இப்போது லோவினாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். பண்ணையை அவர்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் பார்க்கிறார்கள். வாசலில் ஒரு சறுக்கு வண்டி இன்னும் இருக்கிறது, தேவைப்படுவதால். ஒவ்வொரு பனிக்குப் பிறகும் விடியும்போது பாதை அழுத்தப்பட்டிருக்கும். ஓர் ஆண்டு தாமதமாக, மதியம் போல் ஆயிற்று. அந்த முறை பனி அளவுக்கு மீறிப் பெய்திருந்தது, வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

ஏவெரில்கள் தங்கள் வீட்டுப் பிணத்தைக் கூட்டத்துக்கு நடத்திக்கொண்டு வந்து, அந்த ஒரு வாக்கால் சாலையை வாங்கிக்கொண்டார்கள் என்றும், ஊர் லாரி இன்றும் அவர்களுக்காகக் கமுக்கமாக மலையேறுகிறது என்றும் கீழ் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. லோவினா ஏவெரில் சாலைக்கு எதிராக வாக்களித்தார். சாலை தோற்றது. அன்றிலிருந்து ஊர் லாரி அந்த மலையில் ஏறியதில்லை.